இல்லாத இருபத்துமூன்று மரங்கள்

கனடாவிலுள்ள எங்கள் புங்குடுதீவு ஊர்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்கு, யாழ்ப்பாணத் தீவகத்தில் இப்போது வாழும் ஒருவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டிருந்தார்கள். மரிவிக் அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழுவுக்குச் சந்தோசம். பிலிப்பைன்ஸ் பெண், ஊர்காவற்றுறை மருமகள், கணினி, கண்டல் மரம், எல்லாம் சேர்ந்தால் வாசிக்க நன்றாக இருக்கும் என்றார்கள். இருக்கும்தான். ஆனால் அவரைப் பற்றி உண்மையாக எழுதினால் என்னைப் பற்றியும் எழுதவேண்டி வரும். அந்தப் பகுதி நன்றாக இராது. ஐம்பத்துநான்கு குடும்பங்களுக்கு அது ஏற்கெனவே தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும்.

மரிவிக் அக்கா பிறந்தது சாமார் தீவில், ஒரு மீன்பிடிக் கிராமத்தில். டோஹாவில் ஒரு களஞ்சியத்தில் சரக்கு வருவதையும் போவதையும் கணினியில் பதியும் வேலை செய்தார். அதே களஞ்சியத்தில் ஜெனரேற்றர் திருத்த வந்தவர் ஊர்காவற்றுறை றெஜினோல்ட். இருவரும் அங்கேயே கலியாணம் கட்டினார்கள். 2016இல் றெஜினோல்ட்டின் தகப்பனார் காலமானதும், தனித்துப்போன தாய் அல்போன்சம்மாவோடு இருப்பதற்காக ஊர்காவற்றுறைப் பக்கத்து நாரந்தனைக்கு வந்து சேர்ந்தார்கள். அக்காவின் தமிழ் மாமியாரிடமும் மீன் சந்தையிலும் பழகியது. வசனங்கள் குட்டை. பேரம் பேசும்போது மட்டும் நீளும்.

அவர் வாழ்க்கையில் ஒரு விளம்பரப் பலகை இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைச் சொல்ல ஏலாது. அவருடைய கிராமத்துக் கடற்கரையில் பன்னிரண்டாயிரம் கண்டல் மரங்கள் நட்டதாக ஒரு பலகை நின்றதாம். ஆட்கள் வந்து படம் எடுத்தார்கள், கை குலுக்கினார்கள், அறிக்கை எழுதினார்கள். கடலும் தரையும் சந்திக்கும் சேற்றில் வேரூன்றி அலையின் வேகத்தைத் தடுப்பது கண்டல்தான் என்பதால் ஊரும் நம்பி இருந்தது. பிறகு பெரும் புயல் வந்தது. கடல் நேரே வீடுகளுக்குள் ஏறியது. அக்காவின் தகப்பனும் இன்னும் பலரும் போனார்கள். டோஹாவிலிருந்து ஓடிப்போன அக்கா, தகப்பனைப் புதைத்த மறுநாள் கரைக்குப் போய்த் தேடினார். பன்னிரண்டாயிரத்தில் ஒன்றின் வேர்கூட அங்கே இல்லை. பலகை மட்டும் சரிந்து கிடந்தது.

“காத்தில எனக்குக் கோபம் இல்ல. பலகையிலதான் கோபம்,” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார்.

நாரந்தனையில் அவர் தொடங்கியது அந்தக் கோபத்தில்தான். கரையில் கண்டல் நட அனுமதி எடுக்கவே ஒன்றரை வருடம் பிடித்தது. மரம் நடுவதைவிட, நட்டதை எழுதி வைப்பதுதான் அவருடைய தொழில். ஒவ்வொரு நாற்றையும் நடுபவர் கைத்தொலைபேசியில் படம் எடுக்கவேண்டும். நின்ற இடத்தின் கணக்கு, நாள், நேரம் எல்லாம் படத்தோடு சேர்ந்துவிடும். பிறகு இரண்டாவது ஆள் ஒருவர் அதே மரத்தடிக்குப் போய்ப் பார்த்து உறுதிப்படுத்தவேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது புளொக்செயின் என்ற பதிவில் ஏறும். ஏறியதை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. அந்தப் பதிவைக் காட்டி, கரிப்புகையைக் கக்குகிற வெளிநாட்டுக் கம்பனி ஒன்றை, அந்தப் புகைக்கு ஈடாக இந்த மரங்களுக்குக் காசு தரப் பொறுப்பேற்க வைத்திருந்தார். சுமார் தொள்ளாயிரம் மரங்கள், நடுவதற்குப் பதினாறு பெண்கள், அலுவலகம் என்று அல்போன்சம்மாவின் குசினிக்குப் பின்னால் இருந்த நெல் அறை.

புளொக்செயின் என்றால் என்னவென்று மாமியாருக்கு விளங்கப்படுத்தப் பல நாள் முயன்றாராம். கடைசியில், கோயிலில் ஞானஸ்நானம் எழுதுகிற புத்தகம் மாதிரி, ஆனால் ஒரு கோயிலில் இல்லை, ஆயிரம் கோயிலில் ஒரே புத்தகம் என்று சொன்னாராம். தொண்ணூறாம் ஆண்டு இடம்பெயர்ந்தபோது தன் ஞானஸ்நானப் பதிவைத் தொலைத்துவிட்டு ஒவ்வொரு கந்தோராக அலைந்த மனுசிக்கு அது உடனே பிடிபட்டது. “அப்ப எங்க குண்டு விழுந்தாலும் ஒண்டெண்டாலும் மிஞ்சும்,” என்று சொல்லியிருக்கிறார். அதன்பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அவரே விளங்கப்படுத்துவார். கூடவே, கடலுக்குள் இத்தனை மரம் நடுகிற மருமகளுக்கு முற்றத்தில் ஒரு கறிவேப்பிலைக் கன்று நட நேரமில்லை என்றும் சொல்லுவார்.

நான் 2023 தை மாதம் புங்குடுதீவுக்கு வந்தேன். ஏழாம் வகுப்புவரை ஊரில் தமிழில் படித்துவிட்டு, மிச்சத்தைக் கனடாவின் ஸ்காபரோவில் ஆங்கிலத்தில் படித்தவன். ஐயா இறந்தபின் காணி உறுதிகளைச் சரிப்படுத்த வந்திருந்தேன். எங்கள் வீட்டில் றஞ்சனி என்றொரு பெண் தன் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். வாடகை இல்லை, வீடு பூட்டிக் கிடக்காமல் இருந்தால் போதும் என்று ஐயா கொடுத்தது. நான் வந்ததும் அவர்கள் பின் அறைக்கு ஒதுங்கிக்கொண்டார்கள். நான் ஒதுங்கச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவுமில்லை. றஞ்சனி மரிவிக் அக்காவிடம்தான் வேலை செய்தார். அவரோடு ஒருநாள் நாரந்தனைக்குப் போய் நானும் அறிமுகமானேன்.

அக்காவுக்கு என் இரண்டு மொழியும் உதவின. அவருடைய ஆங்கிலக் கடிதங்களைத் தமிழாக்கினேன். தொலைபேசியில் உறுதிப்படுத்தும் இடத்தில் ஆங்கிலத்தில் இருந்த ஒரு சொல்லுக்கு, ‘என் கண்ணால் கண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தது நான்தான். அக்கா அதை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். ஆங்கிலத்தைவிட இது நல்லது, பொய் சொல்லக் கஷ்டமாக இருக்கும் என்றார். அந்த வாரமே என்னைச் சரிபார்ப்பவராகவும் எடுத்துக்கொண்டார். நடுபவருக்குச் சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்பது அவருடைய விதி. றஞ்சனி உங்களுக்குச் சொந்தமா என்று கேட்டார். இல்லை என்றேன். அது உண்மை. வீட்டைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இனி எங்கள் பழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். வாசிப்பவர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். கனடாவில் ஒருவருக்குத் திவசம் வந்தால், ஊரில் முதியோர் இல்லத்துக்கு ஒருநேரச் சாப்பாடு கொடுப்பிக்கிறோம். பெயர் போட்ட பனர் பிடித்துப் படம் எடுத்து அனுப்புவார்கள். ஒரே நாளில் இரண்டு வீட்டுத் திவசம் வந்தால் சமையல் ஒன்றுதான். முதலில் ஒரு பனர், பிறகு மற்றப் பனர், இரண்டு படம். சங்கத்தில் ஆறு வருடம் அந்த ஒழுங்குகளைச் செய்தவன் நான். சாப்பிட்டவர் சாப்பிட்டார், செத்தவருக்குப் புண்ணியம் போய்ச் சேர்ந்தது, யாருக்கு என்ன குறை? யாரும் அதைப் பொய் என்று நினைத்ததில்லை. நானும் நினைத்ததில்லை.

அந்த மூளையோடுதான் நான் அக்காவிடம் ஒரு யோசனை சொன்னேன். சாப்பாட்டுக்குப் பதிலாக, இறந்தவர் பெயரில் ஒரு கண்டல். மரத்துக்கு இடம்தான் வேண்டும், பெயர் எதற்கு என்று அக்கா முதலில் தயங்கினார். பிறகு, ஒரு பெயருக்கு ஒரு மரம் என்ற கட்டளையோடு, முந்தைய கார்த்திகையில் நட்ட கரையில், இன்னும் பதிவில் ஏற்றாத ஐம்பது நாற்று நின்ற ஒரு துண்டை எங்களுக்கு ஒதுக்கினார். நான் சங்கக் கூட்டத்தில் இணையவழியாக அறிவித்தேன். கை தட்டினார்கள். இறந்த தாய்மாரை நினைத்து விரதமிருக்கும் சித்திரா பௌர்ணமிக்கு முன் அம்மாவின் மரத்தைக் காட்டவேண்டும் என்று ஐம்பத்துநான்கு குடும்பம் பெயர் தந்தது. மிஞ்சிய நான்கு பேருக்கு அடுத்த மாரியில் என்று சொன்னால் போயிருக்கும்.

ஆனால் பங்குனியில் போய் எண்ணியபோது, நண்டும் ஆடும் தின்றது போக முப்பத்தொன்றுதான் நின்றது.

நான் அக்காவிடம் சொல்லியிருக்கலாம். சங்கத்துக்கும் சொல்லியிருக்கலாம். அறிவித்துக் கைதட்டு வாங்கிய வாயால் காத்திருங்கள் என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவ்வளவுதான் காரணம், இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. பெயர் எழுதிய மட்டைகளை றஞ்சனியிடம் நீட்டி, இருபத்துமூன்று மரத்தை இரண்டு பக்கத்தாலும் படம் எடுக்கச் சொன்னேன். கிழக்கால் ஒரு பெயர், மேற்கால் ஒரு பெயர். தொலைபேசி இடத்தை ஐந்தாறு அடி முன்பின்னாகத்தான் காட்டும், ஆகவே அது இரண்டு மரமென்றே ஏறும்.

றஞ்சனி மட்டைகளை வாங்கவில்லை. “அண்ணை, மரி அக்கா இதுக்கு ஓம் எண்டவவே?” என்று கேட்டார்.

“ஓம், கதைச்சனான்,” என்றேன்.

அவர் எடுத்துவந்தார். நான் கரைக்குப் போகவே இல்லை; சரிபார்ப்பவர் நிற்கிற இடத்தைத் தொலைபேசி குறிப்பதில்லை. எங்கள் வீட்டு முன் அறையில், மின்விசிறிக்குக் கீழே கதிரையில் இருந்துகொண்டு, ‘என் கண்ணால் கண்டேன்’ என்பதை ஐம்பத்துநான்கு தரம் அழுத்தினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆனி மாதம் நயினாதீவு அம்மன் கொடியேற்றத்துக்குக் கனடாவிலிருந்து சனம் வந்தது. மார்க்கம் நகரத்திலிருந்து மீனலோசனி அக்கா தன் தாயின் மரத்தைப் பார்க்கவேண்டும் என்று வந்தார். அதே நாளில் தியாகலிங்கம் அண்ணையும் தன் தாயின் மரத்துக்கு வந்தார். இவர்கள் இருவரும் புங்குடுதீவில் பக்கத்துப் பக்கத்து வளவு. ஒரு வேலி அரையடி தள்ளிப் போனதில் தாய்மார் காலத்திலிருந்தே பேச்சில்லை. ஒருவரை ஒருவர் பாராத மாதிரி, தொலைபேசி காட்டிய வழியில் சேற்றுக்குள் இறங்கி நடந்தார்கள். பின்னால் மரிவிக் அக்கா, நான், றஞ்சனி. யாரை யாரோடு சோடி சேர்த்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை.

இருவரும் ஒரே மரத்தடியில் போய் நின்றார்கள்.

தியாகலிங்கம் அண்ணை, இது தன் அம்மாவின் மரம், தள்ளி நில்லுங்கோ என்றார். மீனலோசனி அக்கா தொலைபேசியைத் தூக்கிக் காட்டி, இது தன் அம்மா என்றார். சேலையில் சேறு, காலில் செருப்பில்லை, குரல் மட்டும் ஏறிக்கொண்டு போனது. பிறகு இரண்டு படத்தையும் அவரே பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“உயிரோட இருக்கேக்க வேலிக்கு அங்காலையும் இங்காலையும் நிண்டு திட்டின சீவன்கள். செத்தாப்பிறகு ரெண்டு பேரையும் ஒரு மரத்தில ஏத்தி விட்டிருக்கிறியளே,” என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

தியாகலிங்கம் அண்ணைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள், எனக்கு எதிராக.

மரிவிக் அக்கா சிரிக்கவில்லை. இரண்டு தொலைபேசியையும் வாங்கிப் பார்த்தார். குனிந்து மரத்தடியைப் பார்த்தார். அடித்தண்டில் ஒட்டியிருந்த ஒரு சிப்பி இரண்டு படத்திலும் இருந்தது. இதை யார் செய்தது என்று மெதுவாகக் கேட்டார்.

நான் வாய் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இது: “படம் றஞ்சனிதான் எடுத்தவ.”

அதில் பொய் ஒன்றும் இல்லை. அப்படி ஒரு வசனத்தைத் தேடி எடுக்க எனக்கு ஒரு நொடிதான் தேவைப்பட்டது. றஞ்சனி என்னைப் பார்த்தார். நான் சேற்றைப் பார்த்தேன். அக்கா அவரிடம் திரும்பி, ஏன் என்று கேட்டார்.

“பிழை விட்டிட்டன் அக்கா,” என்றார் றஞ்சனி.

அன்று பின்னேரம் நெல் அறையில் நானும் அக்காவும் இருந்தோம். ஐம்பத்துநான்கு படத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பொய்யான இருபத்துமூன்றையும் கண்டுபிடித்தார். பதிவில் ஏறியதை அழிக்க ஏலாது. பிழையென்று கண்டால், இன்னது பிழை, இன்னார் செய்தது என்று கீழே இன்னொரு பதிவு எழுதலாம், அதுதான் வழி. றெஜினோல்ட் அண்ணை வாசலில் நின்று, மாரிக்கு இருபத்துமூன்று கன்று நட்டுவிட்டால் கணக்குச் சரிதானே, ஏன் ஊருக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல், தன் ஊரில் பலகை நட்டவர்களும் பிறகு நடுவோம் என்றுதான் நினைத்திருப்பார்கள் என்றார்.

அக்கா ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் தந்தார். தமிழாக்க வேண்டும். நான் ஆக்கினேன். ‘படமெடுத்தவர் றஞ்சனி, தவறை ஒப்புக்கொண்டார். சரிபார்த்தவர் ஏமாற்றப்பட்டார்.’ கடைசிச் சொல்லுக்குப் பொருத்தமான தமிழ் எது என்று உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தேன். ‘தவறாக வழிநடத்தப்பட்டார்’ என்று போடலாமா என்றுகூடப் பார்த்தேன். இரண்டு மொழி படித்ததன் பயன் அன்று எனக்கு அதுதான்.

அக்கா அதைப் பதிவில் ஏற்றினார். அந்த வெளிநாட்டுக் கம்பனிக்கும் தானே எழுதினார். அவர்கள் தொள்ளாயிரம் மரத்தையும் சந்தேகப்பட்டு, எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தார்கள். பதினாறு பெண்களுக்கும் வேலை நின்றது. பிலிப்பைன்ஸ்காரி ஏமாற்றிவிட்டாள் என்று முகப்புத்தகத்தில் ஒருவர் எழுதினார். இருநூறு பேர் அதைப் பகிர்ந்தார்கள். அதில் எங்கள் சங்கத்தவர்களும் இருந்தார்கள். அல்போன்சம்மா ஞாயிற்றுப் பூசைக்குப் போய்ப் பின் வாங்கில் இருந்துவிட்டு, முடியுமுன்னமே வந்துவிட்டாராம்.

நான் அதன்பின் வந்த பன்னிரண்டு நாளும் காணி உறுதிகளோடு அரச கச்சேரிக்கும் வீட்டுக்கும் ஓடித் திரிந்தேன். றஞ்சனி வழமைபோல் தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பார், கப்பை எடுத்துப் போவார். ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன் என்று நினைக்கிறேன், அதற்காக வசனங்களும் வைத்திருந்தேன்.

பதின்மூன்றாம் நாள் காலை பிள்ளைகள் பள்ளிக்கூட உடுப்போடு முற்றத்தில் நிற்க, இரண்டு பையும் ஒரு பாயும் சைக்கிளில் கட்டியிருந்தது. வீடு கூட்டித் துடைத்திருந்தது. றஞ்சனி வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தார்.

“அண்ணை, உங்கட வீட்டில இருந்துகொண்டு எனக்கு வாய் திறக்க ஏலாது,” என்றார். “வெளியில போனாலும் திறக்கமாட்டன், பயப்பிடாதேங்கோ. ஆனா அது நானா திறக்காமல் இருக்கிறது. அது வேற.”

நில்லுங்கோ என்று சொன்னேன் என்று நினைக்கிறேன். சத்தமாகச் சொல்லவில்லைப் போலும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒழுங்கையால் போனார்கள். சின்னவள் மட்டும் ஒருக்கால் திரும்பிப் பார்த்தாள்.

அடுத்த நாள் மோட்டார்சைக்கிளில் வேலணைப் பாலம் தாண்டி நாரந்தனைக்குப் போனேன். போகும் வழியெல்லாம் இங்கிருந்து நேரே கொழும்புக்குப் போய் விமானம் ஏறிவிடலாம் என்ற எண்ணமும் கூடவே வந்தது, அதையும் மறைக்க வேண்டாம். அக்கா கிணற்றடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பெயர்களை, மட்டைகளை, ‘கதைச்சனான்’ என்றதை, முன் அறையில் இருந்து அழுத்தியதை, றஞ்சனி எங்கள் வீட்டில் இருந்ததை. அவர் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே இருந்தது.

“றஞ்சனி இப்ப எங்க இருக்கிறா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியாது. நான் கேட்டு வைக்கவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நல்லது. கையைத் துடைத்துக்கொண்டு நெல் அறைக்குள் போய்க் கணினியைத் திறந்து என் பக்கம் திருப்பினார். “நீர் எழுதும். ரெண்டு பாசையிலும் எழுதும்,” என்றார்.

எழுதினேன். ‘நேர நெருக்கடி காரணமாகத் தவறுதலாக’ என்று தொடங்கியிருந்தேன். அக்கா தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்துவந்து, ‘தவறுதலாக’ என்ற இடத்தில் நிறுத்தினார்.

“இது வேண்டாம். தவறுதலா நடக்கேல்ல.”

எடுத்துவிட்டேன். நேர நெருக்கடியையும் எடுத்தேன். எல்லாம் எடுத்தபின் மிஞ்சியது மூன்று வரி. அதன் கடைசியில் என் முழுப்பெயர், தகப்பன் பெயரோடு.

ஆனாலும் பதிவு பதிவுதான். அதைத் திறந்து பார்க்கிற யாருக்கும் முதலில் றஞ்சனியின் பெயர்தான் வரும். என் மூன்று வரி அதற்குக் கீழே. மேலே இருப்பதை நானோ அக்காவோ இனி அசைக்க ஏலாது. ஐம்பத்துநான்கு குடும்பத்துக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினேன். கோபமாகப் பதில் எழுதியவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்களில் அநேகம் பேர், என்ன தம்பி, இதெல்லாம் ஒரு விசயமா, ஊரில் நடக்காததா என்று எழுதினார்கள். ஏச்சுகளை ஒரு முறைதான் வாசித்தேன். இந்த ஆறுதல்களை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறேன். மீனலோசனி அக்கா பதில் எழுதவில்லை.

மரிவிக் அக்கா றஞ்சனியைத் தானே தேடிப் போனார். வேலணையில் தமக்கை வீட்டில் இருந்தவரிடம் என்ன பேசினாரோ, எனக்குத் தெரியாது. கம்பனி தன் ஆட்களை அனுப்பித் தொள்ளாயிரம் மரத்தையும் எண்ணிவிட்டு, ஐப்பசியில் பாதி மரங்களுக்கு மட்டும் மீண்டும் ஒப்புக்கொண்டது. எட்டுப் பெண்களுக்கு வேலை திரும்ப வந்தது. றஞ்சனியும் வந்தார். படம் எடுக்க மாட்டேன், பார்க்கிற வேலை தாருங்கள் என்று கேட்டாராம். அக்கா கொடுத்தார்.

நான் கனடாவுக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்டுவிட்டுக் கார்த்திகை வரை நின்றேன். மழை தொடங்கியதும் இருபத்துமூன்று கன்றையும் நான் நடுகிறேன் என்று கேட்டேன். அக்கா கன்றுகள் இருந்த கூடையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார்.

முழங்கால் சேற்றில் நின்று ஐந்தாவதை நட்டுக்கொண்டிருக்கும்போது றஞ்சனி வந்தார். முதல் நான்கையும் பார்த்து முடித்திருந்தார். ஐந்தாவதன் தண்டை இரண்டு விரலால் பிடித்து லேசாக அசைத்தார். அது வேரோடு கையில் வந்துவிட்டது.

“இது நிக்காது,” என்றார். அண்ணை என்று சொல்லவில்லை. “இன்னும் ஆழமாத் தோண்டுங்கோ.”

கன்றை என்னிடம் நீட்டிவிட்டு, நான் தோண்டி முடிக்கும் வரைக்கும் மழையில் அங்கேயே நின்றார்.